நூலில் காய்த்த பதினொரு பாகற்காய்

அனுப்புநர்
மு. அப்துல் கையூம்,
உரிமையாளர், கையூம் காய்கறி - விதை வாணிபம்,
ஃபேரர் பார்க் வட்டாரம்,
சிங்கப்பூர்.

பெறுநர்
நேயர் குறைதீர் அதிகாரி அவர்கள்,
ஒளிபரப்புக் கண்காணிப்பு அலுவலகம்,
சிங்கப்பூர்.

பொருள்: கடலோசை தமிழ் ஒளிவழியின் 'வீட்டோடு விளைச்சல்' தொடரில், என் கடையில் வாங்கிய பாகற்காய்களைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டு விளைச்சல் என்று காட்டியது, அதனால் புக்கிட் பாத்தோக் குடியிருப்பாளர் திருமதி பிரிஜட்டுக்கு ஏற்பட்ட அவப்பெயர், வரும் 21.9.2025க்கு முன் திருத்தம் ஒளிபரப்பச் செய்ய வேண்டுவது.

பார்வை: (அ) 8.6.2025 அன்று ஒளியேறிய அங்கம். (ஆ) ஒளிவழிக்கு நான் எழுதிய 21.7.2025 தேதியிட்ட கடிதம். (இ) அவர்கள் அனுப்பிய 25.8.2025 தேதியிட்ட பதில், பரிசுக் கூப்பன் ஒன்றுடன்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. முப்பத்தோரு வருடமாகக் காய்கறி வியாபாரம் செய்கிறேன். பின்சந்தில் இரண்டு கூடை கறிவேப்பிலையோடு ஆரம்பித்தவன். இன்று காயோடு விதை, மண், தொட்டி, பூ கட்டும் நூல் வரை விற்கிறேன். இந்த நிகழ்ச்சியால் என் வியாபாரத்துக்கு நட்டம் ஏதும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாபம்தான். ஞாயிறு மாலை நிகழ்ச்சி வரும். திங்கள் காலை நான் கதவைத் தூக்குமுன் தொட்டிக்கும் மண்ணுக்கும் ஆள் நிற்கும். மூன்று மாதம் கழித்து அதே ஆள் அதே காயை வாங்க என்னிடமே வருவார். ஒரே மனிதரிடம் இரண்டு முறை விற்க வழிசெய்யும் நிகழ்ச்சியை எந்த வியாபாரியும் குறை சொல்லமாட்டான். ஆகவே இந்த மனுவை வயிற்றெரிச்சல் என்று ஒதுக்கிவிட வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. தாங்கள் அந்த நிகழ்ச்சியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்றால் தங்கள் நேரம் வீணாகவில்லை. நானே சுருக்கமாகச் சொல்கிறேன். அதைத் தொகுத்து வழங்கும் படைப்பாளர் கேலப் என்பவர் வெள்ளைக் காலணி அணிந்து தோட்டத்துக்கு வருவார். காலணி கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும். தேக்கரண்டியால் மண்ணைத் தொட்டியில் போடுவார். ஒரு விதையை ஊன்றுவார். பிறகு ஒரு பாட்டு. பாட்டு முடிந்தால் காய். ஐயா, விதைக்கும் காய்க்கும் நடுவே உள்ள அறுபது நாளில்தான் தோட்டம் என்பதே இருக்கிறது. அந்த அறுபது நாளையும் பாட்டாகப் போட்டுத் தீர்த்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எதிர்ப் புளோக் கட்டடம் அதில் எவ்வளவை மறைக்கிறது, பன்னிரண்டாம் மாடிக்குத் தேனீ ஏறி வருமா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் சட்டை மட்டும் ஒவ்வொரு வாரமும் மாறுகிறது.

3. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளால் மக்கள் வீட்டில் காய்கறி வளர்க்கிறார்களா என்ற கேள்விக்குப் பத்திரிகைகளில் பெரிய பெரிய ஆட்கள் பதில் எழுதுகிறார்கள். என்னிடமும் ஒரு பதில் இருக்கிறது. கடந்த ஜனவரியில் தொடர் ஆரம்பித்ததிலிருந்து, "அந்த டிவி ப்ரோக்ராம்ல சொன்னாங்களே, அந்தப் பாகல் விதை" என்று கேட்டு வந்தவர்களின் பெயரைக் குறித்துவைத்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு பேர். திரும்பக் கடைக்கு வரும்போதெல்லாம் விசாரித்தேன். பத்தொன்பது பேர் பொட்டலத்தையே பிரிக்கவில்லை. பதினொரு பேருக்கு முளைத்தது. வெளிச்சம் தேடி நூலாக நீண்டு செத்தது. ஏழு பேருக்குப் பூத்தது. அவர்களில் ஒருவர் வந்து என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்: "பாய், பூ இவ்ளோ பூக்குது, காய் எங்க லா? நீங்க குடுத்த விதை டூப்ளிகேட்டா?" ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவ வேண்டும், தேனீ இல்லாத இடத்தில் அந்த வேலை நம் தலையில்தான் என்று சொன்னேன். "அப்படியா? அவங்க சொல்லவே இல்லியே" என்றார். நான்கு பேருக்குக் காய்த்தது, உள்ளே புழு. ஒரே ஒருவர் ஒரே ஒரு காய் பறித்தார். அதையும் சமைக்கவில்லை, படமெடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பி முடிப்பதற்குள் வாடிவிட்டதாம். இதுதான் எட்டு மாத 'விளைச்சல்'.

இதுவரை எழுதியது வெறும் கேலி என்றால் நான் மனு போட்டிருக்கமாட்டேன். மக்கள் விதை வாங்கி வீணாக்குவது அவரவர் விருப்பம். இனி வருவதுதான் புகார்.

4. 17.5.2025, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் குமாரி ஷாரன் என் கடைக்கு வந்தார். அவர் கேட்டதை அப்படியே தருகிறேன்: "அங்கிள், நீளப் பாகல் பதினொன்னு வேணும். எல்லாம் ஒரே சைஸ். ஸ்பாட் எதுவும் இருக்கக்கூடாது. காம்பு நீளமா இருக்கட்டும், ப்ளீஸ், கட் பண்ணிடாதீங்க." சமைக்கப்போகிறவர் யாரும் காம்பைக் கேட்கமாட்டார். கல்யாணப் பந்தல் அலங்காரமாக்கும் என்று நினைத்து, இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்து முந்தின வியாழன்தான் பிரித்த பெட்டியிலிருந்து நானே ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தேன். அடுத்து, பச்சை நூல் இருக்கிறதா என்றார். பூ கட்டுகிற நூலில் பச்சை ஒரு கண்டு எடுத்துக் கொடுத்தேன். "ஷூட்டிங்காம்மா?" என்றேன். "ஆமா அங்கிள், கார்டனிங் ஷோ" என்றார். தோட்டத்தைக் காட்டப்போகிறவருக்குக் கடைக் காயும் நூலும் எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. விற்றேன். இந்தத் தவறு என்னுடையது. அதை மறைத்து இந்த மனுவை எழுத எனக்கு மனமில்லை. ரசீதை நிறுவனத்தின் பெயரில் கேட்டு வாங்கிப் போனார். திருட்டு வேலைக்கு ரசீது வாங்கும் புத்திசாலிகளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ரசீதின் நகலும் கடைக் கேமராவின் பதிவும் இணைப்பில் உள்ளன.

5. அன்று அவர்கள் போனது புக்கிட் பாத்தோக்கில், திருமதி பிரிஜட் வசிக்கும் புளோக்கின் கீழே உள்ள குடியிருப்பாளர் தோட்டத்துக்கு. அவருக்கு வயது அறுபத்தொன்று. மருத்துவமனைச் சமையலறையில் வேலை. தோட்டத்தில் அவருக்கு ஒரு பாத்தி; அதில் மிதிபாகல் போடுகிறார். கட்டைவிரல் அளவுக் காய், முள் அதிகம், கசப்பு அதைவிட அதிகம். வேலைக்குக் கிளம்புமுன் விடிகாலையில் இறங்கி வந்து பூவுக்குப் பூ மகரந்தம் தடவுவார். பிஞ்சு விட்டதும் தமிழ்ப் பத்திரிகைத் தாளில் உறை செய்து ஒவ்வொன்றுக்கும் மாட்டுவார். பழ ஈ முட்டை வைக்காமல் இருக்க அதைவிட நல்ல வழி இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. வெங்காயம், மிளகாய் வாங்க என் கடைக்கு வருபவர்தான், ஆனால் நான் மேலே சொன்ன நாற்பத்திரண்டு பேரில் அவர் இல்லை. அவர் விதையைத் தானே எடுத்து வைத்துக்கொள்வார். தோட்ட நிகழ்ச்சி எதையும் பார்ப்பதும் இல்லை.

6. அன்று நடந்ததைத் திருமதி பிரிஜட் எனக்குச் சொல்லவில்லை. காலையிலேயே ஆங்கிலத்தில் நான்கு பக்கத் தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். படப்பிடிப்பைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது அதில் ஒரு விதி. கையெழுத்துப் போட்டால் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று நினைக்கிற மனுஷி அவர். எனக்குச் சொன்னவர் பக்கத்துப் பாத்திக்காரர் திரு. ரெங்கசாமி. முழு நேரமும் அங்கேயே நின்றவர். அவருடைய வாக்குமூலமும், அவர் கைப்பேசியில் எடுத்த மூன்று படங்களும் இணைப்பில் உள்ளன.

அவர் சொன்னபடி: காகித உறைகளைப் பார்த்ததும் கேலப்புக்குப் பிடிக்கவில்லை. "ஆன்ட்டி, என்ன இது, லாண்ட்ரி காயப் போட்ட மாதிரி தொங்குது? ஷாட்ல நல்லா வராது லா."

"தம்பி, ஈ முட்டை வச்சிடும். கழட்டாதீங்க."

"அரை மணி நேரம்தான், ஆன்ட்டி. நாங்களே திரும்ப மாட்டி விட்டுடறோம்."

கழற்றினார்கள். மிதிபாகல் கொடியில் என் கடை நீளப் பாகல் பதினொன்றையும் பச்சை நூலால் கட்டினார்கள். கொய்யா மரத்தில் பலாப்பழம் தொங்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்திருக்கும். இது எதற்கு என்று திருமதி பிரிஜட் கேட்டபோது குமாரி ஷாரன் சொன்ன பதில்: "பின்னாடி டெகரேஷனுக்கு மட்டும்தான், ஆன்ட்டி. க்ளோஸ்-அப்ல உங்க காய்தான் வரும்." அந்த வார்த்தையை நம்பித்தான் அவர் தடுக்காமல் விட்டார். அரை மணி நேரம் நான்கு மணி நேரமானது. உறைகளைத் திரும்ப மாட்ட ஒருவரும் நிற்கவில்லை. எல்லாம் மிதிபட்டுக் கிடந்தன. ஒரு வாரத்தில் அவருடைய பதினான்கு பிஞ்சும் மஞ்சளடித்துப் புழுத்து விழுந்தன. காய்கறி வளர்ப்பதைச் சொல்லித்தர வந்தவர்கள், அந்தத் தோட்டத்தில் உண்மையாகவே வளர்ந்துகொண்டிருந்த காயை ஒரே நாளில் அழித்துவிட்டுப் போனார்கள்.

7. 8.6.2025, ஞாயிறு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். வீடு நிறைய விருந்தாளிகள். தொலைக்காட்சி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று என் மனைவி சம்சுன்னிசா, "என்னங்க, நம்ம கடைக் காய் டிவில வருது!" என்று கத்தினார். வந்தது. பொறுக்கியவன் நான், எனக்கு அடையாளம் தெரியாதா? கேலப் ஒவ்வொன்றாகப் பறித்துக் கூடையில் போட்டபடி, "ஒரே கொடி, நாற்பதே நாள்! மருந்தும் இல்ல, மூடியும் இல்ல! இதுதான் பிரிஜட் ஆன்ட்டியோட சீக்ரெட்!" என்றார். திருமதி பிரிஜட் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றார். அவர் காய் ஒன்றுகூடக் காட்டப்படவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு காய் பறிக்க வராமல் கொடியோடு இழுபடுகிறது; பச்சை நூலும் முடிச்சும் பளிச்சென்று தெரிகின்றன. பொய்யைக்கூட ஒழுங்காக வெட்டி ஒட்டத் தெரியவில்லை. என் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூலையில் ஒருநாள் திருமதி பிரிஜட் வெங்காயம் வாங்க வந்தார். அடுக்கிவைத்திருந்த நீளப் பாகலில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "என்ன பாய், என் தோட்டத்துக் காய் கிலோ என்ன வெல?" என்றார். அவ்வளவுதான். வெங்காயத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

8. இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று தாங்கள் கேட்கலாம். அவருடைய கிறிஸ்தவ சபையில் வருடந்தோறும் அறுப்பின் பண்டிகை நடக்கும். விளைச்சலில் முதற்பலனைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள்; ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். இந்த ஊரில் எல்லாருக்கும் வயலா இருக்கிறது? முந்தின சனிக்கிழமை என் கடையிலிருந்து பூசணியும் கரும்பும் வாழைத்தாரும் வண்டி வண்டியாகச் சபைக்குப் போகும். வாங்கி வைப்பதில் குற்றம் இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். திருமதி பிரிஜட் மட்டும் அப்படிச் செய்யமாட்டார். தன் கையால் வளர்ந்ததைத்தான் வைப்பார். போன மூன்று வருடமாக ஒரு சின்னக் கிண்ணம் மிதிபாகல். அந்தச் சபையில் தானே வளர்த்ததைக் கொண்டுவருகிற ஒரே ஆள் அவர்தான் என்று என் கிறிஸ்தவ வாடிக்கையாளர்கள் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் பெரிய உத்தியோகம் பார்த்தவர் இல்லை. பாட்டுக் குழுவில் நிற்பவரும் இல்லை. சபையில் அவரை நாலு பேருக்குத் தெரியும் என்றால் அது அந்தக் கிண்ணத்தால்தான்.

அங்கே ஏலம் விடுபவர் திரு. அலெக்சாண்டர். என் பழைய வாடிக்கையாளர். ஆகஸ்ட் மாதம் பண்டிகை ஏற்பாட்டுக் கூட்டத்தில் தான் அடித்த ஜோக்கை என் கடையில் நின்று அவரே சொல்லிக் காட்டினார்: "பிரிஜட் அக்கா, இந்த வருஷம் நூலையும் சேர்த்தே ஏலம் விட்டுடலாமா?" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். பின்வரிசையில் ஒருவர், "அப்ப மூணு வருஷமா வச்சதும் தேக்கா மார்க்கெட் சரக்குதானா?" என்றாராம். திருமதி பிரிஜட் எழுந்து, "இந்த வருஷம் என் பேர எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாராம். அவர் வாயைக் கட்டியிருக்கிற அந்த நான்கு பக்கத் தாளைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது.

"அலெக்ஸ், முப்பத்தோரு வருஷமா கடை வச்சிருக்கேன். அந்த அம்மா எங்கிட்ட ஒரு பாகற்காய் வாங்கினதில்ல" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. "நீங்க சொல்றீங்க பாய். டிவி வேற மாதிரி சொல்லுதே" என்றார். நியாயமான பதில்தான். ஆயிரம் வீட்டுக்குப் போன பொய்யை என் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று நான் ஒருவன் மறுத்து என்ன ஆகப்போகிறது? அதனால்தான் தங்களிடம் வருகிறேன்.

9. ஒளிவழியிடம் முதலில் நேரே முறையிட்டேன். பதில் வர ஐந்து வாரம் ஆனது. நடந்தது 'காட்சி அழகூட்டல்' என்றும், 'உலகெங்கும் வழக்கமான நடைமுறை' என்றும், நிகழ்ச்சியின் நோக்கம் 'ஊக்கமூட்டுவது' என்றும் எழுதியிருக்கிறார்கள். நான் தண்ணீர் தெளித்து வாடிய கீரையைப் பசுமையாகக் காட்டினால் அதற்குப் பெயர் ஏமாற்று. வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே திட்டுவார். அவர்கள் செய்தால் அழகூட்டல். கூடவே ஒரு பரிசுக் கூப்பன். அதோடு, தொடரின் அடுத்த பருவத்தில் என் கடையை 'அதிகாரபூர்வ விதைக் கூட்டாளி' என்று திரையில் போடலாம், பேச வாருங்கள் என்று ஓர் அழைப்பு. வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல வாய்ப்பு. அப்படி ஒரு விளம்பரத்துக்கு நான் தவம் கிடந்த காலம் உண்டு. போகவில்லை. இருந்த இடத்தில் உட்கார்ந்து இந்த மனுவை எழுதுகிறேன். கூப்பனையும் இணைத்துள்ளேன், உரியவர்களிடம் சேர்த்துவிடவும். விதை வாங்க அவர்களுக்கே உதவும்.

10. ஆகவே, தங்கள் அதிகாரத்தைப் பயன்படுத்திக் கீழ்க்கண்டவற்றைச் செய்விக்குமாறு வேண்டுகிறேன்:

(அ) 8.6.2025 அங்கத்தில் காட்டப்பட்ட பாகற்காய்கள் கடையில் வாங்கிக் கட்டப்பட்டவை, அவற்றுக்கும் திருமதி பிரிஜட்டின் தோட்டத்துக்கும் சம்பந்தமில்லை, அவர் அதற்கு உடந்தையும் இல்லை என்று அதே ஞாயிறு நேரத்தில், அதே கேலப்பின் வாயால், தமிழில் அறிவிக்க வேண்டும். திரையின் அடியில் எறும்பு எழுத்தில் ஓடவிடுவது போதாது. என் கடைப் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம். நூலை விற்றதையும் சொல்லலாம்.

(ஆ) படப்பிடிப்பைப் பற்றிப் பேசக்கூடாது என்ற விதியிலிருந்து திருமதி பிரிஜட்டை எழுத்து மூலம் விடுவிக்க வேண்டும். தன் வாயால் தன் கதையைச் சொல்ல அவருக்கு உரிமை வேண்டும்.

(இ) இனிமேல் ஒரு கொடியைக் காட்டினால் அந்தக் கொடியில் காய்த்ததை மட்டும் காட்ட வேண்டும். காய்க்கவில்லை என்றால் காய்க்கவில்லை என்று காட்டலாம். மக்கள் வீட்டில் காய்கறி வளர்க்க அந்த நிகழ்ச்சி ஏதாவது உதவி செய்ய முடியும் என்றால், அது இந்த ஒன்றாகத்தான் இருக்கும்.

எனக்கென்று இழப்பீடு எதுவும் கேட்கவில்லை.

11. தேதியைப் பற்றி ஒரு விளக்கம். அறுப்பின் பண்டிகை 21.9.2025, ஞாயிறு. திருத்தத்துக்குக் கையில் இருப்பது 14ஆம் தேதி ஞாயிறு ஒன்றுதான். புழுத்துப் போன கொடியைப் பிடுங்கிவிட்டுத் திருமதி பிரிஜட் மறுபடி விதை போட்டிருந்தார். நேற்று மாலை திரு. ரெங்கசாமி படம் அனுப்பினார்: ஆறு பிஞ்சுகள், ஆறுக்கும் காகித உறை மாட்டியாயிற்று. பண்டிகை வாரத்தில் பறிக்கும் பதம் வந்துவிடும். சபைக்குக் கொண்டுபோவீர்களா என்று அவர் கேட்டதற்குத் திருமதி பிரிஜட், "கொண்டு போனா யாரு நம்புவா, சார்?" என்றாராம். பாகற்காய் கோப்பு நகரும்வரை காத்திருக்காது. பதம் தப்பினால் இரண்டே நாளில் கொடியிலேயே பழுத்து வெடித்துவிடும். திருத்தம் 14ஆம் தேதி வந்தால் அந்த ஆறு காயும் கிண்ணத்தில் ஏறும். 28ஆம் தேதி வந்தால் என்னிடம் அதற்கு மருந்து கிடையாது; தங்களிடமும் கிடையாது. தயவுசெய்து இந்த வாரமே உத்தரவிடுங்கள்.

இடம்: சிங்கப்பூர்
தேதி: 9.9.2025

எழுதியது அத்தனைக்கும் நானே பொறுப்பு என்று கையொப்பமிடும்,

மு. அப்துல் கையூம்

இணைப்பு: ரசீது நகல் - 1, கடைக் கேமராப் பதிவு - 1, திரு. ரெங்கசாமியின் வாக்குமூலம் - 1. படங்கள் - 4. பிரிக்கப்படாத பரிசுக் கூப்பன் - 1.